ஒன்றேகால் பவுன் சன்னமும் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் குழலும்

என் வேட்டைத் துவக்கின் (துப்பாக்கியின்) குழல் செத்துப்போய்விட்டது என்று சொன்னவர் நோர்வேயின் எல்வெரும் ஊரில் இருக்கும் ஒரு துவக்குக் கொல்லர். மெல்லிய கமெரா ஒன்றைக் குழலுக்குள் விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். ரவை (தோட்டா) இருக்கும் அறைக்கு அடுத்தாற்போல் புரி, அதாவது உட்சுவரில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளம், தொடங்கும் இடம், கோடையில் வற்றிய குளத்தின் அடி மாதிரி வெடித்துக் கிடந்தது. நூறு வருடத்துக்கு மேலாகச் சூட்டையும் வாயுவையும் வாங்கிய உருக்கு. என்னால் வந்த வெடிப்பு அதில் கொஞ்சம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"புதுக் குழல் போடலாம். நீளம் எவ்வளவு, புரி எவ்வளவு, தடிப்பு எவ்வளவு?" என்று கேட்டார்.

"முந்தி இருந்த மாதிரியே" என்றேன்.

அவர் சிரித்தார். "முந்தி இருந்தது 74 சென்டிமீட்டர். அதன் முனையில் சைலன்சரும் பூட்டினால், காட்டுக்குள் நீ எப்படித் திரும்புவாய்?"

(நோர்வேயில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். அறுபது வயதுக்காரரை நீ என்று கூப்பிட என் நாக்கு வளைய மூன்று வருடம் பிடித்தது.)

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். அந்த யோசனை ஒரு மாதம் ஓடியது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். எங்களுக்குத் துப்பாக்கி துவக்கு, தோட்டா ரவை, அதிலிருந்து பறந்து போகிற நுனி சன்னம், பின்னால் தெறித்து விழுகிற பித்தளை கோது. தமிழ்நாட்டு நண்பர்கள் குண்டு என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சமாளிப்பார்கள். இந்தக் கட்டுரைக்கு அது போதாது, ஏனென்றால் இங்கே பேச்சு முழுக்கச் சன்னத்தைப் பற்றித்தான். இந்தச் சொற்களை நான் கற்றது வேட்டைக்காட்டில் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1989இல் வடக்கே வார்டோவுக்கு வந்து மீன் வெட்டும் ஆலையில் நின்றபோது, இனி வாழ்நாளில் துவக்குப் பக்கமே போவதில்லை என்று நினைத்திருந்தேன். பதினைந்து வருடம் அப்படியே இருந்தேன். பிறகு தெற்கே குடிவந்து, அயலவர்கள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் காட்டுக்குப் போய் எல்க் என்ற பெரிய மானின் இறைச்சியோடு திரும்புவதைப் பார்த்து, ஒரு முறை சும்மா கூடப் போனேன். அதற்கு மேல் அந்தக் கதை இங்கே வேண்டாம்.

என் துவக்கு ஒரு சுவீடன் மௌசர், எம் 96. எல்லைக்கு அப்பால் எஸ்கில்ஸ்டுனாவில் செய்தது, மேலே 1908 என்று பொறித்திருக்கிறது. யாரோ எப்போதோ அதன் இராணுவ மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டைக்கு ஏற்ற கட்டையைப் போட்டிருக்கிறார்கள். குழலை மட்டும் யாரும் தொடவில்லை. அதற்குள் போகும் ரவைதான் எனக்குப் பிரியமானது: 6.5×55 (குழல் 6.5 மில்லிமீட்டர், கோது 55 மில்லிமீட்டர் நீளம்). நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசனின் கீழ் இருந்த காலத்தில், 1890களின் தொடக்கத்தில், இரு நாட்டுப் படைக்கும் பொதுவாக ஒரு ரவை வேண்டும் என்று கூட்டுக்குழு உட்கார்ந்து செய்தது. 1894இல் நோர்வே அதைக் கிராக்-யோர்கன்சன் துவக்குக்கு எடுத்துக்கொண்டது, சுவீடன் மௌசருக்கு. 1905இல் இரு நாடுகளும் பிரிந்தன. ரவை மட்டும் பிரியவில்லை. இன்றும் இரண்டு பக்கமும் அதே 6.5×55தான். நோர்வேயின் தன்னார்வச் சுடுநர் சங்கங்கள் இப்போதும் பெரும்பாலும் அதில்தான் போட்டிச் சூடு நடத்துகின்றன. அதனால் பயிற்சிக்கான ரவை மலிவு, எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்.

சரி, சன்னத்துக்கு வருவோம். கொல்லர் கேட்ட மூன்று கேள்விக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி அதுதான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் போனது. குழலை வாங்கிவிட்டு அதற்குப் பொருந்துகிற சன்னத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். செருப்பை வாங்கிவிட்டுக் காலைச் செதுக்குகிற வேலை அது.

சன்னத்தின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். எங்கள் பொற்கொல்லர்கள் வைத்திருந்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. 6.5×55க்குக் கடையில் 100 கிரெய்னிலிருந்து 160 கிரெய்ன் வரை சன்னம் உண்டு. ஆனால் ஸ்கண்டிநேவிய வேட்டைக்காரனிடம் கேட்டால் யோசிக்காமல் 156 என்பான். 10.1 கிராம். பவுன் கணக்கில் ஒன்றேகால் பவுன். 1894இன் இராணுவச் சன்னமும் அதே எடைதான், மொட்டை மூக்கோடு.

இந்த 156 ஏன் இப்படி நிலைத்தது? பழக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் சட்டம். நோர்வேயில் எல்க், சிவப்புமான், காட்டுக் கலைமான் ஆகியவற்றுக்கு விதி இப்படி: சன்னம் 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், 100 மீட்டரில் அது 2200 ஜூல் ஆற்றலோடு போய்ச் சேர வேண்டும். 9 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் இருந்தால் 2700 ஜூல் வேண்டும். 9 கிராமுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை.

எனக்குக் கணக்கில் கொஞ்சம் கிறுக்கு உண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 10.1 கிராம் சன்னம் 2200 ஜூலைக் கொண்டுபோக, 100 மீட்டரில் வினாடிக்கு 660 மீட்டர் வேகம் போதும். 140 கிரெய்ன் சன்னம் 9.07 கிராம், அது 2700 ஜூலைத் தொட 772 மீட்டர் வேகம் வேண்டும். அதுவும் குழல் வாயில் அல்ல, 100 மீட்டர் தாண்டிய பிறகு. 6.5×55க்கு, அதுவும் என் பழைய மௌசருக்கு, அது எட்டாக் கனி. எம் 96இன் பூட்டில் (ரவையைப் பின்னாலிருந்து அறைக்குள் அடைத்துப் பூட்டும் பாகம்) முன்பக்கம் இரண்டு பிடிகள்தான். பிறகு வந்த எம் 98இல் இருக்கும் மூன்றாவது காவல் பிடி இதில் இல்லை. வெடிமருந்தை நெருக்கி அடைத்து வேகத்தைக் கூட்டுகிற விளையாட்டுக்கு இது ஆள் இல்லை. ஆக எல்க்குக்கு 156தான். மேசையில் விரித்து வைத்திருந்த பட்டியல்களில் பாதி அந்த ஒரு கணக்கிலேயே மூடுண்டது.

மெலிந்து நீண்ட, எடை கூடிய சன்னத்துக்குத் தனி குணம் இருக்கிறது. எடையை (பவுண்டில்) குறுக்களவின் (அங்குலத்தில்) வர்க்கத்தால் வகுத்து வருகிற எண்ணை வைத்து இதைப் பேசுவார்கள். 6.5இன் 156 கிரெய்னுக்கு அது 0.320. அதைவிடத் தடித்த .308 ரவையின் 180 கிரெய்னுக்கு 0.271தான். வேகம் குறைவாக இருந்தாலும் ஆழமாகப் போகும் என்பது அந்த எண்ணின் பொருள். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் அவற்றில் பெரும்பகுதியை 7×57 போன்ற சிறிய ரவையால் வீழ்த்தினார். நீண்ட, உருக்குலையாத சன்னம், எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவு, இரண்டும் அவரிடம் இருந்தன. அவர் சுட்ட கணக்கை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். சன்னத்தைப் பற்றி அவர் கண்டது சரி.

இலேசான சன்னத்தை நான் பாவித்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் ரோ மானுக்கென்று 120 கிரெய்ன் வாங்கினேன். ரோ மான் ஆட்டளவுதான். அதற்குச் சட்டம் 980 ஜூல்தான் கேட்கிறது, எந்தச் சன்னமும் போதும். விளம்பரத்தில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஓகஸ்ட் மாத விடியலில் 40 மீட்டரில் ஒரு கிடாய் நின்றது. சுட்டேன், விழுந்தது. தோலை உரித்துப் பார்த்தால் முன் தோள் இரண்டும் இரத்தக் கட்டி. களி மாதிரி. வேகமாகப் போகிற இலேசான சன்னம் கிட்டத்தில் அடித்தால் இப்படித்தான், உள்ளே போனதும் வெடித்துப் பரவும். தோள் இறைச்சியில் மல்லி, மிளகு போட்டு வறுத்துக் கறி வைப்பதற்காகவே நான் ரோ மானுக்குப் போகிறவன். பாதிக் கறியைக் காகத்துக்குப் போட்டுவிட்டு வீடு வந்தேன்.

அதோடு இன்னொரு கரைச்சல். 120க்கும் 156க்கும் ஒரே குறி நிற்காது. தொலைநோக்கியை 156க்குச் சரிசெய்து வைத்தால் 120 வேறோர் இடத்தில் போய் விழும். என் துவக்கில் 100 மீட்டரில் நாலு விரல் மேலே, ஒரு விரல் இடப்புறம். எந்த ரவை உள்ளே இருக்கிறது, எதற்குத் திருகியிருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். ஒரு முறை மறந்தேன், ஒரு மானைத் தவறவிட்டேன். சுத்தமாகத் தவறியது, காயம் இல்லை, அந்த மட்டில் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சன்னம் என்று முடிவு. மெதுவாகப் போகிற 156 ரோ மானையும் அழகாகத் துளைத்துப் போகும், தோள் இறைச்சி மிஞ்சும். தூரத்தில் அது தாழும் என்பார்கள். தாழும்தான், 100 மீட்டருக்குக் குறி வைத்தால் 200 மீட்டரில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். நான் வேட்டையாடும் ஓஸ்தர்தாலன் காட்டில் 200 மீட்டர் தூரம் தெரிகிற இடமே அபூர்வம்.

எங்கள் வேட்டைக் குழுவில் ஒரு இளைஞன் செப்புச் சன்னத்துக்கு மாறச் சொல்லி என்னை நச்சரிக்கிறான். ஈயத் துகள் இறைச்சியில் கலக்கும், பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே 10 கிராமுக்குச் சன்னம் இன்னும் நீள வேண்டும். 6.5இன் ஒடுக்கமான குழலில் அந்த நீளத்துக்கு இடம் இல்லை. கோதுக்குள் அமிழ்ந்து மருந்தின் இடத்தைத் தின்னும். இப்போதைக்கு நான் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிகிறேன். அவனுடைய வாதம் அடுத்த குழலுக்கு இருக்கட்டும்.

நீளம் என்றதும் புரிக்கு வந்துவிட்டோம்.

குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரி, பம்பரத்துக்குச் சாட்டை செய்வதைச் சன்னத்துக்குச் செய்கிறது. சுழலாவிட்டால் நீண்ட சன்னம் காற்றில் குத்துக்கரணம் அடிக்கும். எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்பதுதான் புரிக்கணக்கு. என் பழைய மௌசரில் 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 750 மீட்டரில் போகும் சன்னம் அந்தக் கணக்கில் வினாடிக்கு 3750 முறை சுழல்கிறது. 1890களில் உட்கார்ந்திருந்த அந்தக் குழுவுக்கு மொட்டை மூக்கு நீளச் சன்னம் கண்முன் இருந்தது. அதற்கேற்ற இறுக்கமான புரியை வெட்டினார்கள்.

கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1879இல் ஒரு சுருக்குவழி சொன்னார்: சன்னக் குறுக்களவின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, புரி நீளத்தால் வகுத்தால், அந்தப் புரி தாங்கக்கூடிய சன்ன நீளம் கிடைக்கும். 6.5 என்று பெயர் இருந்தாலும் சன்னத்தின் உண்மையான குறுக்களவு 6.71 மில்லிமீட்டர் (பெயர், புரிமேடுகளுக்கு இடைப்பட்ட அளவு). 200 மில்லிமீட்டர் புரிக்குக் கணக்கு 33.8 மில்லிமீட்டர் சன்னம் வரை தாங்கும் என்கிறது. கொல்லரின் அலுமாரியில் மலிவாக ஒரு தயார்க் குழல் இருந்தது, ஒன்பது அங்குலப் புரி. அதற்குப் போட்டால் 29.5 மில்லிமீட்டர். 120, 130 கிரெய்ன் பாவிக்கிறவனுக்கு அது போதும். எனக்கு ஆகாது. இரண்டாயிரம் குரோனர் மிச்சம் பிடிக்கப் பார்த்து, குறிப்பலகையில் சன்னம் பக்கவாட்டில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போடுவதைப் பார்த்து நிற்க எனக்கு ஆசையில்லை. பழையபடி 200 என்று எழுதிக் கொடுத்தேன்.

புதிய குழலில் புரி தொடங்கும் இடத்தை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதும் சன்னத்தைப் பொறுத்தது. எம் 96இல் அந்த இடைவெளி நீளம். இலேசான குட்டைச் சன்னம் புரியைப் பிடிக்கும் முன் கொஞ்சம் தூரம் அனாதையாகத் தாவ வேண்டும். "நீ சுடப்போகும் ரவையில் ஒரு பெட்டி கொண்டு வா, அதை வைத்து வெட்டுகிறேன்" என்றார் கொல்லர். சுவீடனில் ஓமோட்ஃபோர்ஸில் செய்யும் நோர்மா ஒரிக்ஸ் 156 கிரெய்ன் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈயமும் மேலுறையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்த சன்னம், அடித்த பிறகும் சிதறாமல் பூப்போல விரிந்து நிற்கும்.

உருக்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. துருப்பிடிக்காத உருக்கா கறுப்பு உருக்கா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. வருடத்துக்கு இருநூறு ரவை சுடுகிற எனக்கு இரண்டும் ஒன்றுதான். மௌசருக்கு அழகு என்று கறுப்பு. தடிப்பு, வாய்ப்பக்கம் 17 மில்லிமீட்டர். அதில் சைலன்சருக்கு 15 மில்லிமீட்டர் மரை வெட்டினால் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தோள் மிஞ்சும், சைலன்சர் நேராக உட்கார அது வேண்டும்.

நீளம்தான் என்னை இரவில் விழிக்க வைத்தது.

சைலன்சர் இங்கே சட்டப்படி சாதாரணப் பொருள். படத்தில் காட்டுகிற மாதிரிச் சத்தமே இல்லாமல் ஆகாது. காது கிழியாமல் இருக்கும், பக்கத்தில் நிற்கிற நாய்க்கும் நல்லது. ஆனால் முனையில் இன்னும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம் சேர்கிறது. அதனால் இப்போது எல்லோரும் குட்டைக் குழல் கேட்கிறார்கள். 51 சென்டிமீட்டர் நாகரிகம். குழுவில் ஒருவன் 45க்கே வெட்டியிருக்கிறான். வரலாற்றிலும் இந்த ரவை மூன்று நீளத்தில் ஓடியிருக்கிறது: சுவீடனின் நீளத் துவக்கில் 74, பிறகு வந்த எம் 38இல் 60, குதிரைப்படைக் கார்பைனில் 45.

குழல் குறைந்தால் மருந்து எரிந்து தள்ளும் தூரம் குறையும், வேகம் குறையும். பழைய குழலைக் கழற்றும் முன் வேகமானியைக் கடன் வாங்கி அளந்தேன். 74 சென்டிமீட்டரில் என் 156 கிரெய்ன் வினாடிக்கு 792 மீட்டர் போனது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர் போகும் என்று பொதுக்கணக்கு. 45 என்றால் 734 மீட்டரில் புறப்படும். காற்று இழுத்தது போக 100 மீட்டரில் 657 அளவுக்கு வரும், 2180 ஜூல். கோட்டுக்குக் கீழே! அந்த நண்பனிடம் சொன்னேன். பெட்டியில் வேறு எண் போட்டிருக்கிறதே என்றான். பெட்டியில் போட்டிருப்பது அவனுடைய குழலில் அளந்ததல்ல என்றேன். பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

51 என்றால் கணக்கில் தப்பும், 2250 வரும். ஆனால் பொதுக்கணக்கு பொதுக்கணக்குதான். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி, ஒக்டோபர் கடைசியில் மைனஸ் பத்துக் குளிரில் மருந்தும் சோம்பும். 60 வைத்தால் வேகம் நல்லது, சைலன்சரோடு வாகனத்திலும் வேட்டைக் கோபுரத்திலும் இடிக்கும். அளவுநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தும்புத்தடியின் கம்பை வெவ்வேறு நீளத்தில் பிடித்து வீட்டு நடையில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதைப் பார்த்த மனைவி கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, கூட்டுறதெண்டால் கூட்டுங்கோ. இல்லாட்டி தடியை வையுங்கோ."

56 என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் கடைசியில் துவக்கு வந்தது. முதலில் வேகமானி. 756 எதிர்பார்த்தேன், சராசரி 749 வந்தது. ஏழு மீட்டர் குறைவு. புதுக் குழல் கொஞ்சம் ஓடிய பிறகு கூடும் என்கிறார்கள், பார்க்கலாம். அந்த 749இலும் 100 மீட்டரில் ஏறக்குறைய 2270 ஜூல் கணக்கு வருகிறது. 51க்கு வெட்டியிருந்தால் இந்தக் குழல் கோட்டை உரசிக்கொண்டு நின்றிருக்கும்.

சைலன்சரைப் பூட்டியதும் குறி இரண்டு விரல் கீழே இறங்கியது. முனையில் பாரம் தொங்கினால் இறங்கத்தான் செய்யும், அதனால் எப்போதும் அதோடேயே சுடுவது, அதோடேயே திருகுவது. பெரிய விலங்குக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சுடுதேர்வு எழுத வேண்டும்: முப்பது பயிற்சிச் சூடு, பிறகு 100 மீட்டரில் கலைமான் உருவத்தில் ஐந்து சூடு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். மே மாதம் போய்ச் சுட்டேன். ஐந்தும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டால் மூடிவிடக்கூடிய இடத்தில் இருந்தன. குழலுக்கு அதில் எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு என்று கொல்லரிடம் கேட்கவில்லை.

எல்க் வேட்டை செப்டம்பர் 25இல் தொடங்குகிறது. முதல் வாரம் எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை, கிளொமா ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சதுப்பின் ஓரம் நின்றேன். நாய் தூரத்தில் குரைத்துக்கொண்டிருந்தது, பிறகு கிட்டத்தில், பிறகு மௌனம். பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து ஒரு இளம் ஆண் எல்க் வெளியே வந்து, 60 மீட்டரில் பக்கவாட்டாக நின்று நாயைத் திரும்பிப் பார்த்தது. குழலை இரண்டு மரங்களுக்கு நடுவே எங்கும் தட்டாமல் திருப்ப முடிந்தது. சூட்டுக்குப் பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி நடந்தது, நாற்பது எட்டு. பிறகு முன்னங்கால் மடிந்தது.

உரிக்கும்போது சன்னம் மறுபக்கத் தோலுக்கு அடியில் அகப்பட்டது, விரிந்து, ஒரு செம்புப் பூவாக. கழுவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரவு வீட்டில் மனைவியின் நகைத் தராசை எடுத்து, அவள் பார்க்காத நேரம் என்று நினைத்து வைத்தேன். 9.4 கிராம். புறப்பட்டதில் முக்கால் கிராமைக்கூட வழியில் தொலைக்கவில்லை.

பின்னால் நின்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பவுனுக்கு மேல போகுது" என்றாள். "இனித் தராசைக் கழுவி வையுங்கோ."